கொல்லையில் எண்பத்தேழு கிலோமீட்டர்

சைக்கிளில் நூறு மிதிக்கு ஒரு புளியங்கொட்டை. சிரட்டையில் நூற்றெழுபத்துநான்கு சேர்ந்தால் எண்பத்தேழு கிலோமீட்டர், கன்னியாகுமரி. இந்தக் கணக்கைப் போட்டுக் கொடுத்தவள் எலிசாள். சூடாமணியின் ஆபீசில் அடுத்த மேஜை டைப்பிஸ்ட், பாறசாலைக்காரி. அது 1975. மகளிர் ஆண்டென்று ஊரெல்லாம் கூட்டம் நடந்தது. டிசம்பர் கடைசி ஞாயிறு, பெண்கள் மட்டும் ஊருக்குள்ளிருக்கும் கிழக்கேகோட்டையிலிருந்து கன்னியாகுமரிக்கு ஒரே பகலில் சைக்கிளில் போவதென்று ஒரு மாதர் சங்கம் அறிவித்தது. எலிசாள் யாரையும் கேட்காமல் இரண்டு பேர் பெயரையும் எழுதிக் கொடுத்துவிட்டாள்.

“நீ வரணும், கேட்டியா. காலேஜுக்குச் சைக்கிள்ல போனவதானே? கால் மறக்காது.”

கால் மறக்கவில்லை. ஆனால் போக வழி வேண்டுமே. ஸ்ரீவராகத்து வீட்டில் சூடாமணி, அண்ணா பூதலிங்கம், மன்னி ஜெயலக்ஷ்மி மூன்று பேர். அப்பா வாங்கித் தந்த லேடீஸ் சைக்கிளை, அவர் காலமான மாதமே அண்ணா கொல்லைக் கொட்டகையில் நிறுத்திவிட்டார். “தெருவுல சைக்கிள் விட்டுண்டு திரிஞ்சா எவன் பொண்ணு பார்க்க வருவான்?” பதினோரு வருஷமாயிற்று. பஸ்ஸில் போய் பஸ்ஸில் வந்தாள். பார்க்க வந்தவர்களும் வந்து, பஜ்ஜி தின்று, போனார்கள்.

அதனால் தெருவில் ஓட்டிப் பழக முடியவில்லை. ஆபீஸ் விட்டு வந்ததும் சைக்கிளைக் கொல்லையிலேயே ஸ்டாண்டு போட்டு ஏறி உட்கார்ந்தாள். பின்சக்கரம் தரையில் படாமல் சுற்றியது. வெறுமனே சுற்றினால் காலுக்கு உரம் ஏறாது என்று எலிசாள் சொன்னாள். சக்கரத்தோடு உரசுகிற மாதிரி பழம்புடவைக் கிழிசலை இறுக்கிக் கட்டினாள். இரண்டு பக்கமும் அடுத்த வீட்டுச் சுவர். எதிரே கிணறு. மூன்று மாதம் அந்தக் கிணற்றையே பார்த்துக்கொண்டு மிதித்தாள். முதல் வாரம் பத்துக் கொட்டையில் மூச்சு வாங்கியது. நவம்பரில் அறுபதைத் தொட்டாள்.

அண்ணா கோவிலுக்குப் போய்விட்டு ஏழு மணிக்குத்தான் வருவார். வாசலில் செருப்புச் சத்தம் கேட்டால் மன்னி அடுக்களையில் செம்பை இரண்டு தட்டுத் தட்டுவாள். மன்னியாகவே ஏற்றுக்கொண்ட காவல் அது. ஏன் மிதிக்கிறாய் என்று ஒரு நாளும் கேட்டதில்லை; சூடாமணியேதான் கன்னியாகுமரி பற்றிச் சொன்னாள். எண்ணெய் காய்ச்சி முழங்காலுக்குத் தேய்த்துவிட்டாள்.

கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது, வெள்ளிக்கிழமை, அண்ணா சொன்னார்: “ஞாயித்துக்கிழமை எங்கயும் போயிடாதே. பாலக்காட்டுலேருந்து உன்னைப் பொண்ணு பார்க்க வரா. பத்து மணிக்கு.”

சூடாமணி மன்னியைப் பார்த்தாள். மன்னி இலையைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

ஞாயிறு விடியும் முன்பே குளித்து, புடவையை வரிந்து கட்டி, கொல்லைக்குப் போனாள். இரண்டு சக்கரமும் தரையோடு ஒட்டிக் கிடந்தன. தடவிப் பார்த்தாள். வால்டியூப் இல்லை, காற்றை உள்ளே நிறுத்துகிற அந்தத் துண்டு ரப்பரை யாரோ உருவியிருந்தார்கள்.

மன்னி அடுக்களை வாசலில் நின்றாள்.

“நான்தான். அடுப்புல போட்டுட்டேன்.”

சூடாமணி சைக்கிளின் ஸ்டாண்டைத் தட்டிவிட்டாள். பரவாயில்லை, கிழக்கேகோட்டையில் பம்பும் டியூபும் இருக்கும். தள்ளிக்கொண்டு போனால் பதினைந்து நிமிஷம். கொல்லைப்புறக் கதவை எப்போதோ சுவர் வைத்து அடைத்தாயிற்று. தெருவுக்குப் போக அடுக்களை, கூடம், ரேழி என்று வீட்டின் வயிற்றுக்குள்ளேதான் போயாக வேண்டும். சைக்கிளைத் தூக்கிப் படியேற்றினாள். மன்னி விலகி வழிவிட்டாள். கூடத்தில் அண்ணா சுவரைப் பார்த்துத் தூங்கிக்கொண்டிருந்தார்.

“நீ சாயங்காலம் வந்துடுவே,” பின்னாலிருந்து மன்னி மெல்லச் சொன்னாள். “பகல் பூரா அவர் முன்னால யார் நிப்பா சூடா?”

ஹாண்டில்பாரைப் பிடித்தபடி நின்றாள். ரேழிக்கு நாலு எட்டு. மன்னி கையைப் பிடித்து இழுத்திருந்தால் உதறிவிட்டுப் போயிருப்பாள். மன்னி இழுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, சைக்கிளைத் திருப்பக் கூடத்தில் இடமில்லாததால், பின்னுக்கே நகர்த்திக் கொல்லையில் கொண்டுபோய் விட்டாள்.

பத்து மணிக்கு அவர்கள் வந்தார்கள். நமஸ்காரம் செய்து எழுந்தபோது பையனின் அம்மா அவள் கணுக்காலைப் பார்த்தாள்.

“கால்ல என்னம்மா காயம்?”

“பெடல் இடிச்சது மாமி.”

“சைக்கிளா?”

“சின்ன வயசுல ஓட்டுவா,” என்றார் அண்ணா அவசரமாக.

“இல்லை மாமி. நேத்து சாயங்காலம்கூட ஓட்டினேன்.”

பையன் பஜ்ஜித் தட்டைப் பார்த்தான். போய்க் கடிதம் போடுகிறோம் என்று எழுந்தார்கள்.

வாசல்கதவு சாத்தியதும் அண்ணா சூடாமணியை ஒன்றும் கேட்கவில்லை. நேரே அடுக்களைக்குப் போனார். “உனக்குத் தெரியும், இல்லையா? கூட இருந்து கூத்தடிச்சேளா?” மன்னி தலைகுனிந்து நின்றாள். அவர் குரல் ஏறிக்கொண்டே போயிற்று. பக்கத்து வீட்டு ரேடியோவை யாரோ அணைத்தார்கள்.

சூடாமணி போய் மன்னியின் பக்கத்தில், தோள் உரசும்படி நின்றாள்.

“என்னைக் கேளுங்கோ அண்ணா.”

“உன்கிட்டப் பேசலை.”

“நான் இங்கதான் நிக்கறேன்.”

அவர் களைத்துப் போகிறவரை இருவரும் நின்றார்கள். அடுப்பில் சாம்பார் அடிப்பிடித்தது.

பாலக்காட்டிலிருந்து பிறகு கடிதம் வரவேயில்லை.

மறுநாள் திங்கட்கிழமை ஆபீசில் எலிசாள் மத்தியானம் வரை முகம் கொடுக்கவில்லை. காத்துக் காத்துக் கடைசி ஆளாகக் கிளம்பினாளாம். சோற்றுப் பாத்திரத்தைத் திறந்தபோதுதான் சூடாமணி நடந்ததைச் சொன்னாள். எலிசாள் ஒரு துண்டு மீனைப் பிட்டபடியே யோசித்தாள். பிறகு, “நெய்யாற்றின்கரை வரை ஒரு கஷ்டமும் இல்ல,” என்று ஆரம்பித்தாள். “மார்த்தாண்டம் ஏத்தத்துலதான் எறங்கித் தள்ள வேண்டியதாப் போச்சு. பன்னெண்டு பேர் போனோம். அங்க வெச்சு மூணு பேர் வேன்ல ஏறியாச்சு.”

“அப்புறம்?” என்றாள் சூடாமணி.

“பின்னே தக்கலை. வெயிலு.”

“தக்கலைக்கு அப்புறம்?”