ஈரச் சீருடையும் பத்து கிலோ ஓமும்

மணி ஒன்றேமுக்கால். மெட்ரோ ரயிலை முதன்முறையாகத் தனியாக ஓட்டப்போகிற மனைவி, நாலு மணிக்கு டிப்போவில் சீருடையோடு நிற்க வேண்டும். மூன்றுக்காவது வீட்டைவிட்டுக் கிளம்பியாக வேண்டும். சீருடை ஒரே ஜோடி. இன்னொன்று இன்னும் தையல்காரரிடம் இருக்கிறது. இருந்த ஒன்றும் ஈரமாகத் துணி உலர்த்தும் டிரையருக்குள் கிடந்தது. வெளியே மூன்று நாளாக விடாத மழை. டிரையரோ ஐந்து நிமிடம் சுற்றும், திரையில் ஏதோ ஒரு எண்ணைக் காட்டும், அப்புறம் கோபித்துக்கொண்டு படுத்துவிடும்.

'வெப்பநிலை சென்சார் கோளாறு' என்றது கையேடு. படித்ததும் கணவன் கையேட்டை மூடிவைத்தான். போன ஞாயிறு பின்பலகையைக் கழற்றிப் பஞ்சு துடைத்தவன் அவன்தான். துடைத்ததோடு விட்டிருக்கலாம். ஆனால் பார்சல் கம்பெனியில் பேக்கிங் மேற்பார்வையாளன். தொங்குகிற எதைக் கண்டாலும் கை தானாக, இழுத்துக் கட்டும் பிளாஸ்டிக் டையைத் தேடும். அந்த வீட்டில் சார்ஜரும் துடைப்பமும்கூடக் கைதிகள்தான்.

போன் போட்டு வரவழைத்த மெக்கானிக் அக்கா நனைந்த மழைக்கோட்டை வாசலில் உதறிவிட்டு உள்ளே வந்தாள். முதலில் பிளக்கைப் பிடுங்கினாள்.

"யாராச்சும் பின்னாடி திறந்தீங்களா?"

"இல்லக்கா" என்றான் அவன். யாரும் கேட்காமலே, "நான் திறக்கவே மாட்டேன்" என்றும் சேர்த்துக்கொண்டான்.

மனைவி அவனை ஏற இறங்கப் பார்த்தாள்.

"அக்கா, அந்த சென்சாரைத் தூக்கிட்டு ஒயர் ரெண்டையும் நேரா முறுக்கி விட்டா ஓடாதா? இன்னிக்கு ஒரு நாள்தானே" என்றான்.

"ஓடும் தம்பி. எப்ப நிறுத்தணும்னு அதுக்குத் தெரியாது. சட்டை காயும், அப்புறம் வீடும் சேர்ந்து காயும்."

பின்பலகையைக் கழற்றி, உள்ளே ஒரு கணம் பார்த்தாள். சுண்டுவிரல் நீளமே இருந்த சென்சாரை ஒயரிலிருந்து பிரித்தெடுத்து மீட்டரில் மாட்டினாள். மின்தடை பத்து கிலோ ஓம் என்று காட்டியது. சின்ன பிளாஸ்டிக் பையில் அதைப் போட்டு, வெந்நீர் டம்ளரில் இறக்கினாள். சூடு ஏற ஏற எண் இறங்கியது: எட்டு, ஆறு, நாலு. குதிப்பும் இல்லை, தடுமாற்றமும் இல்லை; நல்ல சென்சார் சூட்டில் இப்படித்தான் இறங்கும்.

"சென்சார் தங்கம். பழி ஒயர் மேலதான்."

மீட்டரை ஒயரின் இரு முனைகளுக்கும் மாற்றி, மெல்ல ஆட்டினாள். மீட்டர் பீப் அடித்தது, நின்றது, மறுபடி அடித்தது. மணி இரண்டு பத்து.

"நான்தாங்க்கா" என்றான். "ஞாயித்துக்கிழமை திறந்தேன். தொங்குதேன்னு டை போட்டு இறுக்கிட்டேன்."

"தெரியும். திறந்ததுமே பாத்தேன். மெஷின் செய்யறவன் இவ்வளவு ஆசையா கட்ட மாட்டான்."

"அப்புறம் ஏன் சென்சாரைப் பாத்துட்டிருந்தீங்க?"

"உங்களைச் சந்தேகப்பட்டு சாமானை மாத்த முடியுமா? அளந்தாத்தான் நிச்சயம்."

இழுத்துக் கட்டிய இடத்தில், டிரம் அதிர அதிர, உறைக்குள்ளேயே செம்பு முறிந்திருந்தது. அவன் அசந்துபோய் நின்றான். தெரிந்தும் அவமானப்படுத்தாமலும், தெரிந்ததை நம்பிவிடாமலும் வேலை செய்கிற ஆளை அவன் பார்த்ததில்லை. அவள் முறிந்த துண்டை வெட்டி, முனைகளைக் கிளிப்பில் நசுக்கிச் சேர்த்து, சூடு தாங்கும் குழாயை மேலே ஏற்றினாள். பிறகு ஒயரைத் தளர்வாக வளைத்து விட்டாள். அது கொஞ்சம் தொங்கியது. அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டான்.

சென்சாரையும் பலகையையும் மாட்டி, பிளக்கைச் செருகியதும், இரண்டு இருபதுக்கு டிரையர் சுற்ற ஆரம்பித்தது. ஐந்து நிமிடம் தாண்டியது. மூன்று பேரும் மூச்சு விட்டார்கள்.

"கிளம்பலையா அக்கா?" என்றாள் மனைவி.

"தானா நிக்கட்டும். அதுவரைக்கும் சரியாச்சுன்னு சொல்ல மாட்டேன்."

இரண்டு ஐம்பத்தைந்துக்கு அது தானாகவே நின்றது. அக்கா காலரையும் பேன்ட் மடிப்பையும் தடவிப் பார்த்துத் தலையாட்டினாள். மனைவி ஓடிப்போய் மாட்டிக்கொண்டு வந்தாள். கடைசிப் பொத்தான் மட்டும் இரண்டு தடவை துளையை விட்டு நழுவியது.

"முதல் தடவை தனியா மெஷின் திறந்தப்ப உங்களுக்குப் பயமா இருந்துச்சாக்கா?"

"இப்பவும்தான் இருக்கு. இல்லேன்னா ஒவ்வொரு தடவையும் பிளக்கைப் பிடுங்குவேனா?"

மனைவி சிரித்துவிட்டாள். பொத்தான் ஒரே தடவையில் நுழைந்தது. மூன்று மணிக்கு அவள் படியிறங்கியபோது, சீருடை நனைந்துவிடாமல் கணவன் குடையைப் பிடித்துக்கொண்டு பின்னாலேயே ஓடினான்.