மேலகரத்திலிருந்து நடந்து போன வீடு

மேலகரத்தில் காளீஸ்வரியின் தகர வீடு போன ஆனி மாதம் எழுந்து நடந்தது. குற்றாலத்தில் அருவி பொங்கிச் சிற்றாறு கரை தட்டிய அன்று காலை, வாய்க்கால் ஓரம் இருக்க வேண்டிய வீடு மேட்டில் நின்றது. உள்ளே கொதித்த உலை ஒரு சொட்டுச் சிந்தவில்லை.

அதைப் பழக்கிவிட்டவர்கள் குடியிருந்தவர்கள்தான். ரஃபிக்குல் புளியறைச் சாலையில் பரோட்டாவுக்கு மாவு பிசைந்தான். பெண்டாட்டி ஷெஃபாலி லாட்ஜில் துணி துவைத்தாள். கல்கத்தாப் பக்கம் என்று சொல்லி வந்தார்கள். வடக்கேயிருந்து வருகிறவன் எல்லாம் இந்திக்காரன் என்பது ஊர் வழக்கம், ஆகவே காளீஸ்வரி மேற்கொண்டு துருவவில்லை. முந்தைய சீசனில் அவள் ஒரு கல்யாணத்துக்குப் போய்த் திரும்புவதற்குள், இருவரும் தகரத்தைக் கழற்றி, சவுக்குக் கால்களைப் பிடுங்கி, வீட்டை மேட்டில் நட்டிருந்தார்கள். அவர்கள் ஊரில் ஆறு கரையைத் தின்னும். தண்ணீர் ஏறினால் வீட்டைப் பிரித்துத் தள்ளி நடுவது, இங்கே மழைக்கு முன் ஓடு மாற்றுவது மாதிரி.

"ஏட்டி, நான் வாடகைக்கு விட்டது வீட்டையா, சர்க்கஸ் கூடாரத்தையா?"

"தண்ணி கிட்ட வருதுல்லா ஆச்சி," என்றாள் ஷெஃபாலி, சாவதானமாக.

"வந்தா போயிரும். சிற்றாறு என்ன சம்பந்தக்காரனா, உக்காந்து சாப்பிட்டுட்டுப் போக?"

திரும்ப நட்டுக் கொடுத்தார்கள். வீடு மட்டும் பாடத்தை மறக்கவில்லை.

அது தானாக நடந்த அன்று காளீஸ்வரி தெருவுக்கு ஓடி வந்தாள். உடைமை என்று அவளுக்கு இருந்தது அது ஒன்றுதான். "ஆத்துக்குப் பயந்து வீட்டைத் தூக்கிட்டு ஓடுத ஊரு எதுலே?" என்று தெருவே அதிரக் கத்தினாள். போலீசில் இருக்கும் கொழுந்தன் மகன் இசக்கிராஜாவுக்குப் பதில் தெரிந்திருந்தது. வீடு நடந்ததில் குற்றமில்லை; பழக்கியவர்களின் ஊர்தான் கல்கத்தாவுக்கும் அப்பால், நாட்டு எல்லைக்கு அந்தப் பக்கம்.

ஜீப் வந்தது. காளீஸ்வரி குறுக்கே போய் நின்றாள். "நான் காய்ச்சல்ல கிடந்தப்ப கஞ்சி வச்சவ லே அவ. நீ எட்டிப் பாத்தியா?"

"பெரியம்மா, நவுளுங்க. மேல இருந்து உத்தரவு," என்றான், அவள் முகத்தைப் பார்க்காமல்.

ஜீப் புறப்பட்டது. பின்னாலேயே வீடும் புறப்பட்டது. ஸ்டேஷன் வாசலில் நின்றது. அவர்களை ரயிலேற்றியதும் வடக்கே திரும்பியது. மரக்கடை முத்துராமலிங்கம் சங்கிலியோடு ஓடி வந்தார். "கட்டிப் போட்டுருவோம் ஆச்சி. போனா போனதுதான்."

காளீஸ்வரி நிலைப்படியைப் பிடித்தபடி கூடவே நடந்துகொண்டிருந்தாள். "வேண்டாம் அண்ணாச்சி. அந்தப் பிள்ளைங்க எங்கன போய்த் தங்கும்?"

சிவகிரி வரை கூட நடந்து, அங்கே கையை எடுத்தாள். டீக்கடைக்காரர் பெஞ்சை உள்ளே இழுத்து வழிவிட்டார்.

மார்கழியில் ஷெஃபாலியிடமிருந்து போன் வந்தது.

"ஆச்சி, வீடு வந்துட்டு."

"கதவு?"

"ஒரு கீல் போச்சு."

"ஆறு எங்கன நிக்கி?"

"கிட்டதான் வருது."

"அப்போ சாமானை உள்ள வச்சுட்டுச் சும்மா படுங்க," என்றாள் காளீஸ்வரி. "அதுக்குத் தெரியும்."