தாழப் பறந்த புறா

போன செப்டம்பர், புறா வேட்டை முடிந்த விருந்தில், அத்தனை பேர் முன்னால், மில்டன் ஓர்ஸாக் தன் மனைவியின் அக்காவுக்கு ஒரு பிளாஸ்டிக் புறாவைப் பரிசாகக் கொடுத்தான்.

"இது பறக்காது, நகராது. இதையாவது அடிக்கிறியா பாப்போம், வெர்லீன்!"

மேசையே குலுங்கிச் சிரித்தது. எல்லாரையும்விட உரக்கச் சிரித்தது அவளுடைய தங்கை டொரிண்டாதான். வெர்லீன் அந்தப் பொம்மையை உருளைக்கிழங்குப் பாத்திரத்தின் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுந்து தன் பிக்கப் வண்டிக்குப் போனாள். அன்றைக்கு அவள் ஒரு பெட்டித் தோட்டாவைக் காலி செய்திருந்தாள். ஒரு இறகுகூட விழவில்லை. அது உண்மைதான். ஆனால் அவர்கள் வேட்டையாடிய அந்தச் சூரியகாந்தி வயல் அவளுடைய அப்பாவின் வயல். அப்பா அதைத் தங்கைக்கும், டவுனில் இருந்த வீட்டை அவளுக்கும் எழுதி வைத்துவிட்டுப் போனார். அந்த நாளிலிருந்து மில்டன் அங்கே பண்ணையாராக வலம் வருகிறான். அவள் பிறந்து வளர்ந்த மண்ணில் அவளையே விருந்தாளியாக்கி, அவளைவைத்தே ஊரைச் சிரிக்க வைக்கிறான்.

வசந்தத்தில், கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தன் கடையைச் சனிக்கிழமைகளில் மூடிவிட்டு, களிமண் தட்டுகளைப் பறக்கவிட்டுச் சுடப் பழகும் மைதானத்துக்குப் போக ஆரம்பித்தாள். அங்கே சொல்லிக் கொடுப்பவன் ஏவால்ட் என்ற ஜெர்மன்காரன். அவள் வயதுதான் இருக்கும். நல்ல வார்த்தை பேசினால் பல் விழுந்துவிடும் என்று பயப்படுகிறவன் மாதிரி பேசுவான்.

"நீ தட்டைச் சுடல. தட்டு போன பொறவு அது இருந்த எடத்தைச் சுடற."

"தட்டுக்கு முன்னாடி வெச்சுத்தானே சுட்டேன்?"

"வெச்ச. வெச்சதும் துப்பாக்கிய நிறுத்திட்ட. தட்டு உனக்காக நிக்குமா? பஸ்ஸா அது?"

இன்னொரு தட்டு பறந்தது. தவறியது.

"இப்ப குழல் நுனிக் குமிழப் பாத்த. அங்க என்ன இருக்கு? கண்ணு தட்டுமேல இருக்கணும். கன்னம் துப்பாக்கிக் கட்டைய விட்டு எழும்பக் கூடாது. பின்னாலேர்ந்து வந்து, அதைத் தாண்டி, தாண்டும்போதே சுடு. சுட்ட பொறவும் கை ஓடிட்டே இருக்கணும்." அவன் ஒரு பக்கமாகத் துப்பினான். "ஆமா, நீ எதுக்கு இதைக் கத்துக்கற?"

"ஒருத்தன் மூஞ்சில கரி பூசணும்."

"அப்ப உனக்கு வராது. தட்டப் பாக்கச் சொன்னா அவன் மூஞ்சியவே பாத்துட்டு நிக்கற."

அவளுக்கு அவனையும் பிடிக்கவில்லை. ஆனாலும் சொன்னதைச் செய்தாள். கடையில் வேலை ஓய்ந்த நேரத்தில், தோட்டா இல்லை என்று இரண்டு தடவை பார்த்துக்கொண்டு, குழல் வாயில் சின்ன டார்ச் ஒன்றைச் செருகினாள். சுவரும் கூரையும் சேரும் கோட்டில் அந்த வெளிச்சம் நடுங்காமல் ஓட வேண்டும். தோளுக்கு ஏற்றுவாள், ஓட்டுவாள், இறக்குவாள். முதலில் வெளிச்சம் குடிகாரன் மாதிரி தள்ளாடியது. ஜூலையில் ரயில் மாதிரி போனது. ஆகஸ்டில் ஏவால்ட் பறக்கவிட்ட தட்டுகளில் பெரும்பாலானவை தூளாகிக் கொட்டின. அவன் பாராட்டவில்லை. "இன்னைக்கு எரிச்சல் கொஞ்சம் கம்மி" என்று மட்டும் சொன்னான்.

வேட்டைப் பருவம் திறக்கும் செப்டம்பர் முதல் தேதி மத்தியானம் வயலில் வண்டிகள் வரிசைகட்டி நின்றன. மில்டன் பிக்கப்பின் பின்பலகை மேல் ஏறி நின்று, வருஷா வருஷம் சொல்வதைச் சொன்னான்:

"வரப்பு நெடுக ஆளுங்க நிக்கறாங்க. மர உச்சிக்குக் கீழ பறக்கற புறாவ எவனும் தொடக் கூடாது. வானம் தெரியணும், அப்பத்தான் சுடணும். தாழச் சுட்டா, வீட்டுக்குப் போயிட்டே இருக்கலாம்." பிறகு அவளைப் பார்த்தான். "நீ மேற்கு மூலைக்குப் போ, வெர்லீன். அங்க புறாவுங்களுக்கு ஆபத்தில்ல."

மேற்கு மூலையில், புறாக்கள் வரும் குட்டைப் பக்கம் பார்த்து நின்றால், சாய்வெயில் நேராகக் கண்ணில் அடிக்கும். அவள் போய், வேலியோரம் மெஸ்கீட் மரத்தின் துண்டு நிழலில் நின்றாள்.

முதல் கூட்டம் குட்டைப் பக்கமிருந்து வந்தது. போன வருஷம் கூட்டத்தையே பார்த்துச் சுட்டவள், இப்போது ஓரத்தில் வந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டாள். அதன் கண்ணைப் பார்க்கிற மாதிரி பார்த்தாள். கன்னம் கட்டையில் இருந்தது. வெடித்தது தெரியவில்லை, புறா மடிந்து விழுந்ததுதான் தெரிந்தது. அடுத்ததும் விழுந்தது. எட்டாத தூரத்தில் போனவற்றைப் போகவிட்டாள்.

"யாருப்பா அந்த மூலைல?" என்று தூரத்திலிருந்து கத்தினான் கிளிஃப்டன், வெர்லீனின் சித்தப்பா மகன்.

"வெர்லீன்டா!" என்றான் வரப்பில் நின்ற ஒருவன்.

"பொய் சொல்லாத!"

மில்டன் அன்றைக்குத் தவறவிட்டுக்கொண்டே இருந்தான். ஒவ்வொரு தடவையும் தோட்டாவைத் திட்டினான், காற்றைத் திட்டினான். கடைசியில் தன் இடத்தை விட்டுவிட்டு, வைக்கோல் உருளை ஒன்றின் மறைவில், அவளுக்கு வரும் புறாக்களை மறிக்கிற இடத்தில் வந்து நின்றான். அவள் அடித்த ஒன்று அவன் பக்கம் விழுந்தது. குனிந்து எடுத்துத் தன் பையில் போட்டுக்கொண்டான்.

"அது என்னுது, மில்டன்."

"என் நெலத்துல விழுந்ததெல்லாம் என்னுது."

"உன் நெலமா? தங்கச்சிய உனக்குக் கட்டி வெச்சதால எங்கப்பா போட்ட பிச்சைடா அது!"

"பிச்சை யாருக்குப் போட்டாருன்னு உங்கப்பாவுக்குத் தெரியும். உனக்கு வயல் எதுக்குக் குடுக்கலன்னு யோசிச்சுப் பாரு."

அவள் வாயைத் திறந்தாள். பதில் வருவதற்குள் ஒரு புறா வேலியை ஒட்டி, சூரியகாந்தித் தலைகளை உரசுகிற மாதிரி, இருவருக்கும் நடுவில் வந்தது. அவள் துப்பாக்கி தானாகத் தோளுக்கு ஏறியது. குழல் புறாவைத் தொட்டது. புறாவுக்குப் பின்னால் வானம் இல்லை. மில்டனின் பச்சைத் தொப்பி இருந்தது. அவள் குழலை மேலே தூக்கினாள்.

மில்டன் தன் குழலைத் தூக்கவில்லை, சுட்டான்.

அவளுக்குக் கொதிக்கிற எண்ணெய் தெறித்தது மாதிரி இருந்தது. இடது முன்கையிலும் தாடையிலும் தோட்டாவின் ஈய ரவை பாய்ந்திருந்தது. சட்டைக் கையில் சின்னச் சின்னச் சிவப்புப் பொட்டுகள் கிளம்பி, ஒன்றோடொன்று சேர்ந்தன. அவள் துப்பாக்கியை மடக்கித் திறந்து, தோட்டாக்களை உருவிப் பையில் போட்டுக்கொண்டாள்.

"நீ எதுக்கு அங்க வந்து நின்ன?" என்று கத்தினான் மில்டன். அவன் முகம் சுண்ணாம்பாக வெளுத்திருந்தது.

"நீ நிக்கச் சொன்ன எடம்டா இது!"

ஆட்கள் ஓடிவந்தார்கள். டொரிண்டா துண்டோடு வந்து அக்காவின் கையில் சுற்றினாள். சுற்றிக்கொண்டே, யாருக்கும் கேட்காத குரலில் சொன்னாள்:

"இப்ப திருப்தியா அக்கா? அவரை வெறியேத்தி விட்டுட்டல்ல. கோடை முழுக்க இதுக்குத்தானே பழகின."

ரவையைவிட அது ஆழமாகப் போயிற்று. ஏனென்றால் பாதி நிஜம். அவன் தலைகுனிய வேண்டும் என்றுதான் அவள் பழகினாள். ஆனால் குழலைத் தூக்கியது அவள். தங்கை அதைப் பார்க்கவில்லை. பார்த்திருந்தாலும் சொல்லமாட்டாள்.

"துண்ட நானே கட்டிக்கறேன், விடு," என்றாள் வெர்லீன்.

கிளிஃப்டன் வண்டியைக் கொண்டுவந்தான். மில்டன் கதவைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். முதல் தடவையாகக் கெஞ்சுகிற குரல். "ஆஸ்பத்திரில கேட்டா, முள்வேலில விழுந்துட்டேன்னு சொல்லிடு. குடும்ப விஷயம் பாரு."

"கைய எடு. கதவுல நசுங்கிடும்."

ஆஸ்பத்திரியில் நடந்ததை நடந்தபடி சொன்னாள். வேட்டைத்துறை அதிகாரி மறுநாள் காலை வயலுக்குப் போனார். வெர்லீன்தான் இடம் மாறிக் குறுக்கே வந்துவிட்டாள் என்றான் மில்டன். டொரிண்டா, ஆமாம், நானும் பார்த்தேன் என்றாள். அவன் சுட்ட நேரத்தில் டொரிண்டா கொட்டகையில் மிளகாய் கீறிக்கொண்டிருந்தாள். கிளிஃப்டன் தன் பூட்ஸையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "இடம் மாறினது இவன்தான் சார். ரெண்டு பேரையும் நான் பாத்தேன். அவ தூக்கிட்டா, இவன் சுட்டான்" என்றான். வழக்கு நடந்தது. மில்டனின் வேட்டை உரிமம் போயிற்று. அந்த வயலில் சுட வந்தவர்கள் ஒவ்வொருவராக வேறு வயல் பார்த்துக்கொண்டார்கள்.

அக்டோபரில் ஒருநாள் டொரிண்டா கடைக்கு ஃபோன் செய்தாள்.

"அவரு யாருகிட்டயும் பேசறதில்ல. சர்ச்சுக்குக்கூட வரமாட்டேங்கறாரு. ஊரே வேற மாதிரி பாக்குது. உனக்குச் சந்தோஷமா இருக்கா? நெஜத்தச் சொல்லு."

வெர்லீன் கையிலிருந்த கத்திரியைக் கீழே வைத்தாள். பொய் சொல்ல ஒரு நிமிஷம் கிடைத்தது.

"இருக்கு," என்றாள். "நீ பொய் சாட்சி சொல்லாம இருந்திருந்தா, கொஞ்சம் கம்மியா இருந்திருக்கும்."

ஃபோன் வைக்கப்பட்டது. அதற்குப் பிறகு தங்கை அழைக்கவில்லை. அவளும் அழைக்கவில்லை.

டிசம்பரில் புறா வேட்டையின் இரண்டாம் பருவம் திறந்தபோது, ஆற்றுக்கு அந்தப் பக்கம் கிளிஃப்டனின் சோள வயலுக்குப் போனாள். குளிரில் இடது கை மரத்துப் போனது. டாக்டர் எடுக்காமல் விட்ட இரண்டு ரவை தோலுக்கடியில் உருண்டன. முதல் இரண்டு புறாக்களைத் தவறவிட்டாள். மூன்றாவது உயரத்தில் தனியாக வந்தது, பின்னால் வானம் மட்டும் இருந்தது. அவள் கண் அதைவிட்டு நகரவில்லை.