நீலப் பால்

ஷாமினி எங்கள் ஆய்வுக்கூடத்துக்கு வருவதற்கு முன், ஈப்போவிலேயே சிறந்த சூரியமின் பாலிமர் என்னுடையதுதான். ஈப்போவில் வேறு யாரும் அதைச் செய்யவில்லை என்பது வேறு விஷயம்.

வெயிலை மின்சாரமாக்கும் பிளாஸ்டிக்தான் எங்கள் பிழைப்பு. பாலிமர் ஒரு நீண்ட சங்கிலி. அதன் ஓரங்களில் முடி மாதிரி கிளைகள் இருக்கும். முடி குறைந்தால் கரையாது. கூடினால் சங்கிலிகள் நெருங்கி அடுக்காது, மின்சாரம் நடக்க வழியிருக்காது. நானோ, தலையில் இல்லாததையெல்லாம் பாலிமரில் வளர்த்துவிட்டேன். ஷாமினி வந்தாள், முடியைக் கத்தரித்தாள், நடுவில் புளோரின் அணுக்களைச் சேர்த்தாள். எல்லோரும் ஆகா என்றார்கள். நானும் சொன்னேன். என் ஆகாவில் மட்டும் கருகல் வாசம் அடித்திருக்கும்.

இரண்டையும் மின்கலமாக்கி அளந்து, மதியத்துக்குள் ஒன்றைத் தேர்ந்தெடுப்பதாகப் பேராசிரியர் துளசி சொல்லியிருந்தார். ஜெயிப்பது தஞ்சோங் ரம்புத்தானில் ஒரு மண்டபக் கூரைக்குப் போகும். தோற்றால் நானும் அதே ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும், அங்கிருக்கும் மனநல ஆஸ்பத்திரிக்கு.

காலையில் ஷாமினி தன் பாலிமர் கரைசல் புட்டியைத் தலைகீழாகப் பிடித்தபடி வந்தாள். ஒரு சொட்டு விழவில்லை.

"பால் கட்டிருச்சு தீபன் அண்ணே. இனி கட்டிப்பால்தான். கொட்டிறவா?"

கரைசல் நீலமாக இருந்தாலும் அதற்குப் பால் என்று பெயர் வைத்தவன் நான். ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்துப் பிள்ளை, வேறு என்ன பெயர் வாயில் வரும்? ஷாமினி கமுந்திங்கில் கையுறை ஆலையில் ரப்பர் பாலோடு வேலை பார்த்தவள். ரப்பர் பால் உறைந்து கட்டிப்பாலானால் ஆனதுதான், திரும்ப ஓடாது. ஆனால் இது அந்தப் பால் இல்லை. ஏர்கோன் குளிரில் சங்கிலிகள் ஒன்றையொன்று கட்டிப்பிடித்திருந்தன, அவ்வளவுதான். சூடு காட்டினால் விலகிவிடும். அப்படிக் கட்டிப்பிடிப்பதுதான் நல்ல சாதி பாலிமர்.

நான் பொய்கூடச் சொல்ல வேண்டாம். தலையாட்டினால் போதும்.

பேராசிரியரிடம் தானே போய்ச் சொல்லிவிடுவதாகவும், தீபன் அண்ணனுடையதே கூரைக்குப் போகட்டும் என்றும் சொன்னாள். கண் கலங்கியிருந்தது. அதையும் தாங்கியிருப்பேன். அடுத்து ஒன்று சொன்னாள்:

"உங்க பால் கட்டவே கட்டாதுண்ணே. அதான் அனுபவம் லா."

எவ்வளவு குளிரிலும் ஒட்டாமல் தண்ணியாகவே கிடப்பது என் பாலிமரின் வியாதி. அதைப் போய்ப் புகழ்கிறாள். புட்டியை வாங்கி, மூடியை இறுக்கி, சூட்டுத் தட்டில் வைத்தேன். கொஞ்ச நேரத்தில் நீலம் இளகி ஓடியது.

ஷாமினி புட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"தெரிஞ்சுக்கிட்டேவா பேசாம நின்னீங்க?"

"யோசிச்சுக்கிட்டு இருந்தேன்."

"என்னத்த?"

"கொட்டச் சொல்லலாமான்னு."

அவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். ஜோக்கடிப்பவன் என்ற பெயர் எனக்கு உதவியது அன்றுதான்.

கண்ணாடித் தகட்டில் மெல்லிய படலமாகப் பூசுவதில் எங்கள் கூடத்தில் என் கையை மிஞ்ச ஆளில்லை. அதனால் அவளுடையதையும் நான்தான் பூச வேண்டும். கை கொஞ்சம் நடுங்கினால் நன்றாக இருக்குமே என்று நினைத்தேன். கை என் பேச்சைக் கேட்கவில்லை. தகட்டையும் சூடாக்கிப் பூசியதில் படலம் முகம் பார்க்கலாம் போலப் பளபளத்தது.

இரண்டையும் மின்கலமாக்கி அளந்தோம். வெளிச்சத்தில் எவ்வளவு மின்சாரமாகிறது என்று காட்டும் எண், அவளுடையதற்கு என்னுடையதைவிட எங்கேயோ போய் நின்றது. வெயிலுக்குப் பதில் வைத்திருக்கும் விளக்கு சரியில்லை, இன்னொரு தடவை அளக்கலாம் என்றேன்.

இரண்டாம் தடவை இன்னும் கொஞ்சம் கூடி வந்தது.