போணி ரிப்போர்ட்

1

இந்தக் கதை பஸ்ஸில் என் காதில் விழுந்தது. பாளையங்கோட்டையில் ஏறிய ஒரு பெண் போனில், "முதல்ல பாத்தவுக ரிசல்ட்டுதான் எல்லாருக்கும் போயிருக்கு அண்ணாச்சி" என்றாள். முகத்தில் ஈயாடவில்லை. வண்ணார்பேட்டையில் இறங்கிவிட்டாள். மீதியை நான்தான் இட்டுக்கட்ட வேண்டும். அன்றிலிருந்து எழுதி எழுதி அடித்துக்கொண்டிருக்கிறேன்.

தொடக்கம் ஒன்று: தாமிரபரணி சுழித்து ஓடிக்கொண்டி—

[வேண்டாம். நெல்லைக் கதை என்றதும் ஆற்றை இழுத்துவரும் பழக்கம் என்னை விட மாட்டேன் என்கிறது.]

தொடக்கம் இரண்டு: டார்லின் அப்பாவின் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை திறந்தாள்.

[இது இருக்கட்டும்.]

2

டார்லின் ஒரு ரத்தப் பரிசோதனை நிலையத்தின் வெப்சைட்டைப் பார்த்துக்கொள்கிறவள். நோயாளி தன் எண்ணைப் போனில் தட்டினால் ரிப்போர்ட் வரும். அதைக் கொண்டுவருவது பெர்ல் என்ற கணினி மொழியில் எழுதிய நிரல்; அதில் ஒரு சப்ரூட்டீனுக்குள், அதாவது ஒரு குட்டி நிரலுக்குள், இன்னொரு சப்ரூட்டீன். வெளியே இருப்பது பெயரைப் போடும். உள்ளே இருப்பது, வெளியே இருப்பதன் மாறியை, அதாவது வந்த ஆளின் விவரம் இருக்கும் பெட்டியை, எட்டிப் பார்த்து ரத்த அளவுகளைப் போடும். முன்பெல்லாம் யார் கேட்டாலும் நிரல் புதிதாக ஓடி முடியும். ஆமை வேகம். ஓனர் சிவசங்கரன் முனகிக்கொண்டே இருந்ததால், நேற்றுச் சாயங்காலம் அதை சர்வரின் நினைவிலேயே தங்கும்படி மாற்றிவிட்டாள்.

(அடிக்குறிப்பாகப் போட வேண்டியது: அப்படித் தங்கிவிட்டால், வெளியே இருப்பதற்கு ஆளுக்கொரு புது மாறி கிடைக்கும். உள்ளே இருப்பதோ முதல் ஆளிடம் பிடித்ததை விடவே விடாது. பெயர் உங்களுடையது, அளவுகள் முதலில் வந்தவருடையது. சர்வர் இதை நேற்றே எச்சரித்தது. எச்சரிக்கைதானே, பிழையில்லையே என்று டார்லின் விட்டுவிட்டாள். நானாக இருந்தாலும் விட்டிருப்பேன்.)

இன்று மத்தியானம் அப்பா தேவசிகாமணியின் ரிப்போர்ட்டைத் திறந்தபோதுதான் பிடிபட்டது. பத்து வருஷச் சர்க்கரைக்காரருக்கு எல்லாம் நார்மல்.

3

முதல் ஆள் யார்? ராத்திரி யாரும் ரிப்போர்ட் பார்க்கவில்லை. சிவசங்கரன் காலையில் கடை திறந்ததும் போணி பார்ப்பவர். நோயோடு நாள் தொடங்கக் கூடாதென்று தன் மகனின் ரிப்போர்ட்டைத்தான் முதலில் திறப்பார். ஒரு குறையும் இல்லாத ரிப்போர்ட். சாமி படத்துக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டு வேலையைத் தொடங்குவார்.

"காலைல நான் பாத்தப்ப சரியாத்தான பிள்ள இருந்துச்சு?"

"நீங்க பாத்தது மட்டுந்தான் அண்ணாச்சி சரி."

"அப்பம் மத்தவுகளுக்கு?"

"எல்லாருக்கும் உங்க மவன் ரிப்போர்ட்டுதான்."

சிவசங்கரன் நோயாளிகளின் போன் நம்பர் நோட்டை எடுத்து அவளிடம் நீட்டினார்.

உள்ளே இருந்த சப்ரூட்டீனை டார்லின் வெளியே எடுத்து, ஒவ்வொரு தடவையும் அந்தந்த ஆளின் அளவுகளை அதன் கையில் கொடுத்து அனுப்பும்படி எழுதியதும் நிரல் சரியாகிவிட்டது. பார்த்துவிட்டுப் போனவர்களை எப்படிச் சரிசெய்வது? ஒவ்வொருவராகப் போனில் கூப்பிட்டாள். ஒருத்தி மட்டும் கிடைக்கவில்லை. களக்காட்டு இசக்கித்தாய், வாழைத்தோட்டக் கூலி, டெங்குக் காய்ச்சல். ஒன்றரை லட்சத்துக்குக் குறையக் கூடாத தட்டணு (பிளேட்லெட்) பதினெட்டாயிரம். போனில் அவள் பார்த்தது இரண்டு லட்சத்து எழுபதாயிரம்.

[இசக்கித்தாயை வயதானவளாக எழுத நினைத்தேன், அவளுக்கு ஏதாவது ஆனாலும் வாசகர் தாங்கிக்கொள்வார் என்று. அது கயமை. அவளுக்கு முப்பத்தெட்டு வயது.]

4

முடிவு ஒன்று: இசக்கித்தாய் ஏற்கெனவே ஆஸ்பத்திரியில் சேர்ந்து, குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருக்கிறது.

[கதை எழுத உட்காருமுன்பே இதை எழுதி வைத்துவிட்டேன். நானும் போணி பார்க்கிறவன்தான். அடித்துவிடுங்கள்.]

முடிவு இரண்டு: போன் மணி அடித்துக்கொண்டே இரு—

[என்னால் முடியாது.]

ஐந்தாவது தடவை யாரோ எடுத்தார்கள். இசக்கித்தாயின் மகள் முத்துராணி.

"லேபுலேருந்து டார்லின் பேசுதேன். அம்மா எங்க இருக்காவ?"

"வாழைக்குத் தண்ணி பாய்ச்சப் போயிருக்காவக்கா. ஆசுத்திரிக்குப் போவோம்னு நான் ஒத்தக்கால்ல நின்னேன். நார்மல்னு வந்துச்சுல்லா, மாத்திரையப் போட்டுட்டு எந்திச்சுப் போயிட்டாவ. ஏங்க்கா, என்ன?"

டார்லின் வாயைத் திறக்கிறாள். அடுத்த சொல்லை அவளுக்குக் கொடுக்க எனக்கு வரவில்லை. கொடுத்தால் அந்த வாழைத்தோட்டத்துக்குள் நான் போய்ப் பார்த்தாக வேண்டும். பயமாக இருக்கிறது. நீங்கள் சொல்லுங்கள். முத்துராணி இன்னும் லைனில்தான் இருக்கிறாள்.