முசியே தனிஸ்லாஸ் தூங்கினாரா?

தனிஸ்லாஸ் நாலு பேர் நடுவில் கண்ணயர்ந்தார் என்று சம்பா கோயில் பங்கில் ஒருவரும் சொல்ல முடியாது. மின்விசிறி நின்றுபோன மே மாதத்தில், வெளியூர்ச் சாமியார் வந்து பிரசங்கத்தை இழுத்துக்கொண்டே போன நாளிலும், அவர் முதுகு பெஞ்சின் சாய்மானத்தைத் தொட்டதில்லை. கைகள் இரண்டும் முழங்காலில். பார்வை பீடத்தில். மூக்கின்மேல் ஈ வந்து உட்கார்ந்தால், சலித்துப்போய் எழுந்து போக வேண்டியது ஈயின் பொறுப்பு. அவருடைய அப்பா பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தா, அதாவது சிப்பாய். சைகோனில் காவல் நின்றவர். அசையாமல் இருப்பது அந்த வீட்டில் பிள்ளைகளுக்குச் சோறு ஊட்டும்போதே ஊட்டப்பட்டது. பொதுப்பணித் துறையில் சூப்பரிண்டெண்டாக இருந்து ஓய்வு பெற்ற பிறகும் தெருவில் அவரை எல்லோரும் பிரெஞ்சில் ஐயா சேர்த்து 'முசியே தனிஸ்லாஸ்' என்றுதான் அழைத்தார்கள். அந்த முசியே அவருடைய முதுகுக்குக் கிடைத்த மரியாதை.

அப்படிப்பட்டவரின் இடது கையில் சம்மந்தி ஒரு கடிகாரத்தைக் கட்டிவிட்டார்.

மகள் பெனிஷாவுக்கு லாஸ்பேட்டை அருள்பிரகாஷின் மகன் ஜெர்ரியைப் பேசி முடித்துப் பூ வைத்த அன்று நடந்தது அது. அருள்பிரகாஷ் இன்சூரன்ஸில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற மறுநாளே ஆரோக்கியம் அவரைப் பிடித்துக்கொண்டது. காலையில் கடற்கரைச் சாலையில் கையை வீசி வீசி அவர் நடக்கும்போது எதிரே வருகிறவர்கள் ஓரம் ஒதுங்குவார்கள். தான் பெற்ற ஆரோக்கியத்தை ஊரும் பெற வேண்டும் என்று உறவுக்காரர்கள் கையிலெல்லாம் நடையையும் நாடியையும் எண்ணுகிற கடிகாரம் மாட்டிக்கொண்டிருந்தார். பூ வைத்த தட்டில் ஆப்பிளுக்கும் மல்லிகைக்கும் நடுவே அதுவும் வந்தது.

"சம்மந்தி, இனிமே நம்ம ரெண்டு குடும்பமும் ஒரே குடும்பம். ஆப்லயும் ஒரே குடும்பமா சேத்துட்டேன்" என்றார் அருள்பிரகாஷ்.

அதற்கு என்ன அர்த்தம் என்பது மறுநாள் காலையில் தெரிந்தது. தனிஸ்லாஸ் கண் விழித்ததும் கடிகாரம் மணிக்கட்டில் நடுங்கி, அவருடைய தூக்கத்துக்கு மதிப்பெண் போட்டது. பள்ளிக்கூடத்தில் ப்ரெவே பரீட்சை எழுதிய பிறகு அவருக்கு எவனும் மதிப்பெண் போட்டதில்லை. இவனோ நூற்றுக்கு அறுபத்தொன்று போட்டு, 'இன்னும் முயற்சி செய்யலாம்' என்று வேறு எழுதியிருந்தான். தூங்குவதற்கு ஒருவன் எப்படி முயற்சி செய்வது என்று தனிஸ்லாஸுக்கு விளங்கவில்லை. அதை யோசித்து முடிப்பதற்குள் போன் அடித்தது.

"என்னா சம்மந்தி, விடிகாலைல எழுந்துட்டீங்க போலிருக்கு? அப்பறம் ரொம்ப நேரம் பொரண்டிருக்கீங்க. அண்ணிக்கு ஒடம்பு சரியில்லையா?"

பக்கத்தில் படுத்திருந்த மனைவி பெர்னதெத் போர்வையைத் தலைவரை இழுத்துக்கொண்டாள். "சீ! இந்த மனுசன் எங்க ஒளிஞ்சிருந்து பாக்குறாரு?"

ஒரு மனுஷனின் தூக்கம் கட்டிய பெண்டாட்டிக்குத் தெரியலாம். படைத்தவனுக்குத் தெரியலாம். லாஸ்பேட்டைக்குத் தெரியலாமா? தனிஸ்லாஸ் அந்தத் தூக்கக் கணக்கை நிறுத்தப் பார்த்தார். நிறுத்தும் பொத்தானை அமுக்கினால், 'உங்கள் உறக்கத்தின்மேல் உங்களுக்கு அக்கறை இல்லையா?' என்று கேட்டது. அக்கறை இல்லை என்று அமுக்கினார். 'பிறகு நினைவூட்டுகிறோம்' என்றது. சொன்னதுபோலவே நினைவூட்டியது. நேரு வீதிக் கடைக்குக் கொண்டுபோனார். கடைக்காரப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "அத நிறுத்த முடியாது சார். மறைச்சு வேணா வைக்கலாம். நீங்க பாக்க மாட்டீங்க, ஆனா அது பாத்துக்கிட்டு இருக்கும்" என்றாள். கடவுளைப் பற்றி ஞானோபதேச வகுப்பில் இப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். கடவுள் பார்த்ததை யார் வீட்டுக்கும் அனுப்பியதில்லை.

ஒரு ராத்திரி கழற்றி மேசையில் வைத்துவிட்டுப் படுத்தார். காலையில் செய்தி வந்தது: 'சம்மந்தி, வாட்ச்சக் கழட்டிட்டீங்களே, எங்க மேல எதாவது வருத்தமா?' பெனிஷா அப்பாவின் எதிரே வந்து நின்று, "கல்யாணம் முடியற வரைக்கும் கட்டிக்குங்கப்பா. அவங்க வீட்ல தப்பா நெனைக்கிறாங்க" என்றாள். அவளுக்காக மறுபடியும் கட்டிக்கொண்டார். விலங்கு மாட்டிக்கொள்கிறவன்கூடக் கையை இவ்வளவு விறைப்பாக நீட்டியிருக்க மாட்டான்.

கோயிலில் ஓலை வாசிக்க வேண்டிய சமயம் அது. இன்னாருக்கும் இன்னாருக்கும் கல்யாணம், தடை ஏதும் தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று மூன்று ஞாயிறு பூசையில் வாசித்த பிறகுதான் தாலி. அடுத்த ஞாயிறு முதல் ஓலை விழுந்தால் சாம்பல் புதனுக்கு முன்னால் கல்யாணத்தை முடித்துவிடலாம். தவறினால் தவக்காலம் வந்துவிடும். தவக்காலத்தில் கல்யாணம் கிடையாது. மண்டபத்துக்கு வாக்குக் கொடுத்தாயிற்று. ஊர் முழுக்கச் சொல்லியாயிற்று. சொன்ன கல்யாணம் தள்ளிப்போனால் ஊர் காரணம் கேட்காது. தானே ஒன்றைச் செய்துகொள்ளும்.

ஓலைக்கு விவரம் எழுதித் தருவதற்காகத்தான் அந்த ஞாயிறு மத்தியானம் அருள்பிரகாஷும் அவர் மனைவி நிர்மலாவும் ஜெர்ரியோடு சாப்பிட வந்தார்கள். சாப்பாடு முடிந்தது. பெனிஷாவும் ஜெர்ரியும் பழம் நறுக்குகிற சாக்கில் பெர்னதெத்தோடு அடுப்படிக்குப் போனார்கள். நிர்மலா ஆடும் நாற்காலியில் உட்கார்ந்தாள். அருள்பிரகாஷ் தொண்டையைக் கனைத்துக்கொண்டு தன்னுடைய வாழ்க்கையைச் சொல்ல ஆரம்பித்தார்.

அவருக்கு ஒரு வழக்கம் உண்டு. தன் கதையைத் தான் சொல்லும்போது அந்த இனிப்பில் கண்ணை மூடிக்கொண்டுவிடுவார். நிர்மலாவுக்கும் ஒரு வழக்கம் உண்டு. அவர் கண்ணை மூடியதும் அவளும் மூடிக்கொள்வாள். இவள் சீக்கிரத்தில் திறக்க மாட்டாள். நாற்காலி ஆடிக்கொண்டிருந்தது, வாய் லேசாகத் திறந்திருந்தது. தனிஸ்லாஸ் மட்டும் முதுகை நிமிர்த்தி, கைகளை முழங்காலில் வைத்து, சம்மந்தியின் முகத்தைப் பார்த்தபடி ஒரு சொல் விடாமல் கேட்டார். ஒருவர் பேசும்போது குறுக்கே தலையாட்டுவதுகூட அவருக்கு மரியாதைக் குறைவு. பேச்சு நின்றதும், "நல்லது சம்மந்தி" என்றார்.

கடிகாரம் வேறு மாதிரி முடிவுக்கு வந்தது. கை அசையவில்லை. நாடி நிதானமாக ஓடுகிறது. ஆகவே ஆசாமி தூங்குகிறான்.

சாயங்காலம் லாஸ்பேட்டையிலிருந்து செய்தி வந்தது. அருள்பிரகாஷ் தன் போனில் தெரிந்ததைப் படமாகவே அனுப்பியிருந்தார். தான் பேச ஆரம்பித்த நேரத்தில் தொடங்கி, பேசி முடித்த நேரம்வரை ஒரு நீலப் பட்டை. அதற்குக் கீழே, 'ஆழ்ந்த உறக்கம். அருமை!' என்று கடிகாரத்தின் பாராட்டு. அதற்கும் கீழே அருள்பிரகாஷின் ஒரு வரி: 'என் வாழ்க்கை உங்களுக்குத் தாலாட்டு ஆயிடுச்சு போல.'

மறுநாள் ஜெர்ரி பெனிஷாவுக்குப் போன் பண்ணினான். அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு வந்து, "ஓலைய ஈஸ்டருக்கு அப்பறம் வாசிக்கலாம்னு அவங்கப்பா சொல்றாராம்" என்றாள்.

பெர்னதெத், "ஏங்க, தூங்கிட்டேன், மன்னிச்சுக்குங்கன்னு ஒரு வார்த்த சொல்லிட்டா என்னா?" என்றாள்.

"தூங்கல."

"எனக்குத் தெரியாதா? அந்த மனுசனுக்குத் தெரியணுமே."

"தெரியவைக்கிறேன்."

வெள்ளைப் பேண்ட்டும் முழுக்கைச் சட்டையும் போட்டுக்கொண்டு, பெர்னதெத்தைக் கூட்டிக்கொண்டு அவர் லாஸ்பேட்டைக்குப் போனார். அருள்பிரகாஷ் வரவேற்றார், ஆனால் சிரிக்கவில்லை. நிர்மலா காபி போட உள்ளே போனாள். உட்கார்ந்த உடனே அருள்பிரகாஷ் போனை எடுத்து நீலப் பட்டையைக் காட்டினார்.

"நான் சொல்லல சம்மந்தி, மெசின் சொல்லுது. மெசினுக்கு உங்க மேல என்னா கோவம்?"

"என் கண்ணு தொறந்திருந்துச்சு."

"அது எனக்கு எப்படித் தெரியும்?"

"நீங்க தொறந்து பாத்திருந்தா தெரிஞ்சிருக்கும்."

பெர்னதெத் புருஷனின் முழங்கையை இடித்தாள். தனிஸ்லாஸ் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. "சரி. நீங்க சொன்னத நான் திருப்பிச் சொல்றேன். தூங்கினவனால முடியுமான்னு நீங்களே சொல்லுங்க" என்று முதுகை நிமிர்த்தினார்.

"மொதல்ல, உங்க இருதயம் விளையாட்டு வீரனோட இருதயம் மாதிரி இருக்குதுன்னு டாக்டர் சொன்னதச் சொன்னீங்க. அப்பறம், பாரீசுல வேல கெடைச்சும் அம்மாவ விட்டுப் பிரிய மனசில்லாம போகாம நின்னதச் சொன்னீங்க. கொஞ்ச நேரம் கழிச்சு, விசா கெடைக்காம நின்னு போனதயும் சொன்னீங்க. ரெண்டும் ஒரே பாரீசுதானான்னு கேக்கலாம்னு நெனச்சேன். குறுக்க பேசறது எங்க வீட்டுப் பழக்கம் இல்ல."

அருள்பிரகாஷ் போனைக் கவிழ்த்து வைத்தார். "போதும் சம்மந்தி. நான் நம்பறேன்."

"இருங்க, முழுசா சொல்லிடறேன். அடுத்தது ஸ்கூட்டர்."

"ஸ்கூட்டரெல்லாம் வேணாம் சம்மந்தி."

"எந்த ஸ்கூட்டர்?" காபித் தட்டோடு வந்த நிர்மலா வாசற்படியில் நின்றாள்.

கேட்ட கேள்விக்குப் பதில் சொல்லாமல் விடுவதும் அந்த வீட்டுப் பழக்கம் இல்லை. "உங்க அப்பா கல்யாணத்துக்குக் குடுத்த ஸ்கூட்டர், தங்கச்சி. புதுசுன்னு சொல்லிப் பழச பெயிண்ட் அடிச்சுக் குடுத்தாராம். கோரிமேடு போறதுக்குள்ள பெயிண்டெல்லாம் இவரோட வெள்ளப் பேண்ட்டுல வந்துடுச்சாம். உங்க ஊரு நோணாங்குப்பத்துக்காரங்க படகுக்குப் பெயிண்ட் அடிச்சு அடிச்சு, மாப்பிள்ளைக்கும் அடிச்சுட்டாங்கன்னு சொன்னாரு."

தட்டு மேசைமேல் வைக்கப்பட்ட சத்தம் வாசல்வரை கேட்டிருக்கும்.

"எப்ப சொன்னாரு?"

"ஞாயித்துக்கெழம. நீங்க ஆடுற நாற்காலில..." ஒரு பெண்பிள்ளையை, வாயைத் திறந்துகொண்டு தூங்கினாய் என்று சொல்வது மரியாதை இல்லை. "...கண்ண மூடி ஜெபம் பண்ணிக்கிட்டு இருந்தப்ப."

"கல்லறைல கெடக்குற எங்கப்பன, பொண்ணு வீட்ல போயி ஒக்காந்து ஏசினியா?" நிர்மலா புருஷன் பக்கம் திரும்பினாள். "புது வண்டிய ரெண்டே மாசத்துல கொளத்துல எறக்குனது நீ!"

"ஐயோ, நிம்மி! அவரு சொல்றத நம்பாத!" அருள்பிரகாஷ் கவிழ்த்து வைத்த போனை அவசரமாக எடுத்தார். "அவரு தூங்கிட்டாருடி! இங்க பாரு, நீலமா இருக்கு பாரு! ஆழ்ந்த தூக்கம்! மெசின் பொய் சொல்லுமா? எதோ சொப்பனம் கண்டிருக்காரு. சம்மந்தி, சொப்பனந்தானே? சொல்லுங்க சம்மந்தி."

நிர்மலா தனிஸ்லாஸுக்கு எதிரே வந்து நின்றாள். "அண்ணே, நீங்க பொய் சொல்ல மாட்டீங்கன்னு ஊரே சொல்லுது. தூங்குனீங்களா, இல்லையா? முழிச்சிருந்தீங்கன்னா இந்த வீட்ல இப்ப கல்யாணப் பேச்சே கெடையாது. நோணாங்குப்பத்துலேருந்து எங்க அண்ணன்மாரு வரட்டும். எங்கப்பா பேச்ச மொதல்ல தீத்துக்கிட்டு, அப்பறம் மத்தது."

அண்ணன்மார் வந்து பேசித் தீர்த்தால் அது இந்த ஈஸ்டருக்குத் தீருமா, அடுத்த ஈஸ்டருக்குத் தீருமா என்று சொல்ல முடியாது. பெர்னதெத் ஜெபமாலையைத் தேடிப் பையைத் துழாவினாள்.

தனிஸ்லாஸ் அசையாமல் இருந்தார். விழித்திருந்தேன் என்று நிரூபிக்கத்தான் வந்தார், நிரூபித்தும்விட்டார். இப்போது தூங்கினேன் என்று சொன்னால் அறுபது வருஷத்து முதுகு ஒரே சொல்லில் வளைந்துவிடும். விழித்திருந்தேன் என்று சொன்னால் பெனிஷா தள்ளிப்போன கல்யாணத்துப் பெண் ஆகிவிடுவாள். சைகோனில் அப்பா எத்தனையோ காவல் நின்றிருப்பார். இப்படி ஓர் இடத்தில் நின்றிருக்க மாட்டார். குடும்ப மானத்தில் தன்னுடைய பங்கு எவ்வளவு, மகளுடைய பங்கு எவ்வளவு என்று நிறுத்துப் பார்த்தார். மகளுடையதுதான் கனத்தது.

"தூங்கிட்டேன்" என்றார்.

தீர்ப்பு வாசிப்பதுபோலச் சொன்னார். குரல் வளையவில்லை. அருள்பிரகாஷ் இருந்த மூச்சையெல்லாம் வெளியே விட்டார். "பாத்தியா? நான் சொன்னேன்ல? சொப்பனம்!"

"சொப்பனந்தான்" என்றார் தனிஸ்லாஸ். "நல்ல நீளமான சொப்பனம். ஸ்கூட்டரோட முடியல. அதுக்கப்பறம் மீன் கொழம்பு ஒண்ணு வந்துச்சு."

அருள்பிரகாஷின் முகம் வெளுத்தது.

"மீன் கொழம்பா?" என்றாள் நிர்மலா.

"அதுக்கும் அப்பறம் மாமியார் வந்தாங்க. சொப்பனந்தானே, சொன்னா யாருக்கும் கோவம் வராதே. சொல்லட்டுமா சம்மந்தி?"

"வேணாம்! அதெல்லாம் எதுக்கு இப்ப?" அருள்பிரகாஷ் எழுந்தே விட்டார். "நல்ல காரியம் பேச வந்திருக்கீங்க. ஓலைய இந்த ஞாயித்துக்கெழமையே வாசிச்சுடலாம். நானே சாமியாரப் பாத்துச் சொல்லிட்டு வந்துடறேன்."

"நல்லது. அப்பறம், இந்த வாட்ச்."

"வாட்ச்சுக்கு என்னா?"

"இதக் கட்டினதுலேருந்துதான் எனக்கு நாலு பேரு நடுவுல தூக்கம் வருது. தூக்கம் வந்தா சொப்பனம் வருது. கல்யாணத்தன்னிக்கிப் பந்தில ஒக்காந்திருக்கும்போது வந்துட்டா, பக்கத்துல எல்லாரும் இருப்பாங்களேன்னு பாக்கறேன்."

அவர் சொல்லி முடிப்பதற்குள் அருள்பிரகாஷ் குனிந்து அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். வார் இறுகியிருந்தது, நகத்தால் நெம்பித்தான் கழற்ற வேண்டியிருந்தது. தனிஸ்லாஸ் உதவிக்கு வரவில்லை. கையை மட்டும் நீட்டியபடி உட்கார்ந்திருந்தார். கழற்றி முடித்ததும் அருள்பிரகாஷ் அதைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டு, சாமியாரைப் பார்க்கச் செருப்பைத் தேடினார்.

நிர்மலா ஒரு நாற்காலியை இழுத்துத் தனிஸ்லாஸுக்குப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்து, காபியை எடுத்து நீட்டினாள்.

"அவரு போயிட்டு வரட்டும். நீங்க அந்த மீன் கொழம்பு சொப்பனத்தச் சொல்லுங்கண்ணே."

தனிஸ்லாஸ் காபியை ஒரு வாய் குடித்தார்.

"மூணாவது ஓலை வாசிக்கட்டும் தங்கச்சி. அப்பறம் சாவகாசமா ஒக்காந்து சொல்றேன்."