காந்த முனை

கணவருக்குப் பொருத்த மாற்றுச் சிறுநீரகம் கிடைத்ததும் அழைப்போம், அரைமணிக்குள் போனை எடுக்காவிட்டால் அது அடுத்த நோயாளிக்குப் போய்விடும் என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்தார்கள். அதனால் தையற்காரி போனை இடுப்பை விட்டு இறக்குவதே இல்லை. இன்று தையற்கூடத்தில் எடுத்துப் பார்த்தால், சார்ஜ் தீர்ந்து அணைந்து கிடந்தது. ராத்திரி சார்ஜரின் காந்த ஒயர் போனை விட்டு விலகிப்போனதை அவள் கவனிக்கவில்லை.

"எப்ப அணைஞ்சதுன்னே தெரியலக்கா. ஆஸ்பத்திரி நம்பரும் இதுக்குள்ளதான் இருக்கு."

பக்கத்து மிஷின் அக்கா தன் சார்ஜரை நீட்டினாள். சாதாரண ஒயர், உள்ளே போகவில்லை. காந்த ஒயர் வந்து ஒட்டிக்கொள்வதற்காகப் போனிலேயே செருகி வைத்திருந்த குட்டி முனை துளையை அடைத்துக்கொண்டிருந்தது. நகத்தால் நெம்பலாம் என்றால், மூன்று மாதக் கவலையில் கடித்துக் கடித்து நகமே மிச்சமில்லை.

"தானா ஒட்டிக்குதுன்னு பீத்திக்கிட்டியே. கொண்டா இங்க," என்று அக்கா ஊசியை எடுத்தாள்.

"மெதுவாக்கா. துளை உடைஞ்சா எல்லாம் போச்சு."

ஊசி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை முனை கழன்று விழுந்தது. அக்காவின் ஒயரைச் செருகி, திரை வெளிச்சம் வந்ததும் தையற்காரி ஆஸ்பத்திரியை அழைத்தாள்.

"இங்கேருந்து யாரும் உங்களைக் கூப்பிடலம்மா. போனை மட்டும் அணைய விடாதீங்க."

நிம்மதி வரவில்லை, அழுகைதான் வந்தது. ஒயர் நழுவிவிடுமோ என்று அதை அழுத்திப் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தாள்.